என் பெயரில் ஒரு பூட்டு

ரயில் டிப்போவின் வேலி முடிந்து ஒன்றரைக் கிலோமீட்டர் வந்திருப்பேன். பிற்பகல் மூன்றேகால் மணி வெயில். ஒரு பக்கம் தொழிற்சாலைச் சுவர், இன்னொரு பக்கம் நெடுஞ்சாலையின் இரும்புத் தடுப்பு. நடுவில், ஆள் நடப்பான் என்று யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு துண்டு நிலம். லோரிகள் கிளப்பிய புழுதியைத் தின்றபடி அதில் தலை நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தேன். வேலையை விட்டுவிட்டு நடக்கும்போது நான் எப்போதும் தலை நிமிர்ந்துதான் நடப்பேன். வேலைக்குப் போகும்போது அப்படி நடந்ததாக ஞாபகம் இல்லை.

போனை அணைத்து வைத்திருந்தேன். அதுவும் வழக்கம்தான். யாராவது கூப்பிட்டுக் கெஞ்சினால் மனம் இளகிவிடுமே என்ற முன்னெச்சரிக்கை. மேருவில் கையுறைத் தொழிற்சாலை, ஜெஞ்சாரோமில் செம்பனைத் தோட்டம், கிள்ளானில் மீன் கிடங்கு, பத்துமலை அடிவாரத்தில் மாலை கட்டும் கடை என்று நான் விட்டுவிட்டு நடந்த இடங்கள் நிறைய. ஒவ்வொரு முறையும் மறுநாள் ஆவலோடு போனைத் திறப்பேன். ஏதாவது விளம்பரம் வந்திருக்கும். கெஞ்சல் வந்ததில்லை.

மற்றவர்கள் திட்டு வாங்கி வேலையை விடுவார்கள். நான் அன்றைக்கு வேலையை விட்டது, எனக்கு நல்லது நடக்கப்போகிறது என்று தெரிந்ததால். காலையில் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, என் பெயரை நிரந்தர வேலைக்கு எழுதி அனுப்பியிருப்பதாகச் சொன்னார். மறுநாள் பத்து மணிக்கு நேர்காணல். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரச் சொன்னார். பெயர் தைத்த சீருடை, சொந்தமாக ஓர் அலமாரி, மருத்துவ அட்டை எல்லாம் கிடைக்கும் என்று அவர் அடுக்கிக்கொண்டே போக, எனக்குக் கழுத்தில் யாரோ சட்டைப் பொத்தானை இறுக்கிப் போடுவதுபோல இருந்தது. படிவங்களில் ‘நிரந்தர முகவரி’ என்ற கட்டத்தைப் பார்த்தாலே எனக்கு வியர்க்கும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக்கடைக்கு மேலே நாலு பேரோடு தங்கியிருந்த அறையைக்கூட நான் ‘இப்போதைக்கு இருக்கிற இடம்’ என்றுதான் சொல்வேன். அந்த இப்போதைக்கு ஆறு வருடம் ஆகியிருந்தது.

மேடம் என்று நான் சொல்வது எங்கள் மேற்பார்வையாளரை. என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். கிள்ளான்காரர், பாலிடெக்னிக்கில் படித்தவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். படிப்பில் அவர் மேடம், வயதில் நான் அண்ணன் என்று கணக்கு நேராகிவிட்டது. என் படிப்பு தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், இடைநிலைப்பள்ளியில் ஒன்றரை வருடம். அந்த ஒன்றரையில் அரை வருடம் பள்ளிக்கு எதிரே இருந்த வீடியோ கேம் கடையில் கழிந்தது.

எங்கள் வேலை ரயிலுக்கு அடியில். நகருக்குள் ஓடிக் களைத்து வரும் ரயிலைப் பள்ளத்தின் மேல் நிறுத்துவார்கள். நாங்கள் பள்ளத்தில் இறங்கி, தலைக்கு மேலே சக்கரமும் பிரேக்கும் தொங்க, கறுப்புத் தூளைச் சுரண்டுவோம். அந்தத் தூள் காதுக்குள் போனால் வெளியே வர இரண்டு நாள் ஆகும். அதெல்லாம் பழகிவிடும். பழகக் கூடாதது மின்சாரம். அந்த ரயில்களுக்கு மின்சாரம் மேலே கம்பியில் வருவதில்லை, கீழே தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஓடும் இன்னொரு தண்டவாளத்தில் வருகிறது. கால் பட்டால் கதை முடிந்தது.

அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்புப் பூட்டு, ஒரே ஒரு சாவி. பள்ளத்தில் இறங்குமுன் மின்சாரத்தை நிறுத்தும் நெம்புகோலை இறக்கி, அதில் அவரவர் பூட்டை மாட்டி, பெயரும் புகைப்படமும் உள்ள அட்டையைத் தொங்கவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும். வேலை முடிந்து ஏறியதும் அவரவர் பூட்டை அவரவர் திறக்க வேண்டும். அடுத்தவர் பூட்டை யாரும் தொடக் கூடாது. கடைசிப் பூட்டு கழன்றால்தான் மின்சாரம் வரும், ரயில் நகரும். பூட்டு தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். மேடம் தினமும் காலையில் எங்களை வரிசையில் நிறுத்தி இதைச் சொல்வார். கைதிகளுக்கு ஒப்பிப்பதுபோல அதையே சொல்கிறாரே என்று நான் கூரையில் மைனா கூடு கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றாவது பெட்டிக்கு அடியில் நின்றிருந்தபோது எனக்கு அந்த வெள்ளைச் சட்டை ஞாபகம் வந்தது. என்னிடம் இருந்த ஒரே வெள்ளைச் சட்டை கருமாதிகளுக்குப் போவது. சுரண்டியைக் கீழே வைத்தேன். பக்கத்தில் என் கூட்டாளி, பிரேக்குக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். “நான் போறேன்டா” என்றேன். “ம்” என்றான். கழிவறைக்கு என்று நினைத்திருக்கிறான். பள்ளத்திலிருந்து ஏறி, கையைக் கழுவி, துணிப்பையை எடுத்துக்கொண்டு நேரே வாசலுக்குப் போனேன். உதிரிப் பாகம் ஏற்றிவந்த லோரிக்காகக் கதவு திறந்திருந்தது. வாசல் அட்டையை இயந்திரத்தில் தட்டாமல் லோரிக்குப் பக்கவாட்டில் நழுவி வெளியே வந்துவிட்டேன். அந்த லாவகத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பஸ் நிறுத்தம் வந்தது. பயண அட்டையை எடுக்கக் கையைச் சட்டைப்பையில் விட்டேன். விரலில் சாவி தட்டுப்பட்டது.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. நிறுத்தத்துக்குப் பின்னால் பெரிய சாக்கடை ஒன்று ஓடியது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, அதற்குள் சாவியைப் போட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஒரு லோரி கடந்துபோகும் நேரம்வரைக்கும் யோசித்தேன். பிறகு போனைத் திறந்தேன்.

தவறிய அழைப்புகள் முப்பத்தொன்று. முதலில் எனக்கு வந்தது பயமில்லை, சந்தோஷம். இத்தனை வருடத்தில் முதல்முறையாக என்னைத் தேடுகிறார்கள். அந்தச் சந்தோஷம் அடங்குமுன் போன் அடித்தது.

“அண்ணே?” என்றார் மேடம். “நீங்கதான் பேசுறீங்களா?”

“நான்தான் மேடம்.”

“உயிரோடதான இருக்கீங்க?”

“பஸ் ஸ்டாப்ல இருக்கேன் மேடம்.”

அவருக்குப் பின்னால் பலபேர் என் பெயரைச் சொல்லிக் கத்துவது கேட்டது. என் பெயரை அத்தனை குரல்கள் சேர்ந்து சொல்லி நான் கேட்டதில்லை. மேடம் பிறகு மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். என் பூட்டு தொங்குகிறது. நான் வெளியே போனதாக வாசலில் பதிவு இல்லை. ரயிலுக்கு அடியிலும் பக்கத்துத் தண்டவாளங்களிலும் என்னைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நாலரைக்கு அந்த ரயில் வேலை முடிந்து திரும்பும் கூட்டத்தை ஏற்றப் போயாக வேண்டும். போகாவிட்டால், அவருடைய அனுமதியின் கீழ் தண்டவாளத்தில் இறங்கிய ஆளைக் காணவில்லை என்று மேலே அறிக்கை போகும்.

“என் புக்க எடுத்துருவாங்கண்ணே,” என்றார்.

அந்தப் புத்தகம் சிவப்பு அட்டை போட்டது, உள்ளங்கை அளவு. அது கையில் இருப்பவர்தான் ஆட்களைத் தண்டவாளத்தில் இறக்க முடியும். மூன்று வருடம் பரீட்சை எழுதி வாங்கியது. எங்கள் டிப்போவில் அதை வைத்திருந்த ஒரே பெண் அவர். ஒருமுறை பறித்தால் திரும்பக் கொடுக்க மாட்டார்கள். “வரேன் மேடம்” என்றேன். அன்று நான் சொன்ன உருப்படியான வார்த்தை அதுதான்.

பாதுகாப்புச் சப்பாத்தோடு நாற்பத்தேழு வயதில் ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஓட்டமில்லை. இருநூறு அடி ஓடி, ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது என் கூட்டாளி கப்சாய் மோட்டார் சைக்கிளில் எதிரே வந்தான். தலைக்கவசம்கூடப் போடவில்லை. ஏறு என்றுகூடச் சொல்லாமல் வண்டியைத் திருப்பினான். பின்னால் உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போனதும் காற்றில் கத்தினான்.

“பத்து நிமிஷம் நீ செத்துட்டடா.”

நடந்தது இதுதான். மேடம் வாக்கி டாக்கியில் இவனைக் கூப்பிட்டு, என் பூட்டு மட்டும் தொங்குகிறதே, ஆள் எங்கே என்று கேட்டிருக்கிறார். அதே நேரத்தில்தான் பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு ரயிலை நகர்த்தியிருக்கிறார்கள். இவன் அதற்குள் நாங்கள் எல்லாரும் பை வைக்கும் பொது அலமாரியைத் திறந்து பார்த்து, என் துணிப்பை இல்லை என்பதைக் கண்டுகொண்டு, நான் வேலையை விட்டுவிட்டேன் என்று புரிந்துகொண்டான். என் சரித்திரம் அவனுக்குத் தெரியும். வருத்தத்தோடு, “அவன் போயிட்டான் மேடம்” என்று சொல்லியிருக்கிறான்.

“நீ அப்படியாடா சொல்லுவ?” என்றேன்.

“வேற எப்டி லா சொல்றது? நீ போயிட்டதான?”

“வேலைய விட்டுட்டான்னு சொல்லணும்.”

“நீ என்ன சொன்ன? போறேன்ன. போயிட்டு வரேன்னு சொன்னியா? எந்த மனுசன்டா வேல செய்ற எடத்துல போறேன்னு சொல்லுவான்?”

எங்கள் வீட்டில் கடைக்குப் போகும்போதுகூடப் போறேன் என்று சொன்னால் அம்மா வாசலிலேயே நிறுத்தி, திருத்திச் சொல்லவைத்துத்தான் அனுப்புவார். திரும்பி வராத போக்குக்குத்தான் அந்தச் சொல். நான் விட்டுவிட்டுப் போன ஒவ்வோர் இடத்திலும் வேண்டுமென்றேதான் போறேன் என்று சொல்லியிருக்கிறேன், திரும்பி வரமாட்டேன் என்று காட்டுவதற்காக. அதைக் கவனித்துக் கேட்டவர் யாருமில்லை. கேட்ட ஒருவனும் அதை மேடத்துக்குச் சொல்ல, அவர் கேட்டவுடன் தரையில் உட்கார்ந்துவிட்டாராம். பிறகு எழுந்து, தானே கைவிளக்கை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கி, நாலு பெட்டிக்கு அடியிலும் என் உடலைத் தேடியிருக்கிறார். வேலையைத்தான் விட்டேன் என்று கூட்டாளி விளக்கிய பிறகும், வாசலில் பதிவு இல்லாததால் யாரும் நம்பவில்லையாம்.

வாசலுக்கு வந்தபோது மூன்று மணி நாற்பத்தைந்து. காவலர் நேப்பாளத்துக்காரர், ஒழுங்கானவர். நான் அட்டையைத் தட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி தட்டினேன், மறுபடி சிவப்பு. அவர் திரையைப் பார்த்து, என்னைப் பார்த்து, நான் காலையிலேயே உள்ளே போய்விட்டதாக மலாயில் விளக்கினார். உள்ளே இருக்கும் ஆள் இன்னொரு முறை உள்ளே போக முடியாது. முதலில் நான் வெளியே வர வேண்டும். இதோ வெளியேதானே நிற்கிறேன் என்றேன். அவர் வருத்தத்தோடு திரையைச் சுட்டிக்காட்டினார். இயந்திரத்துக்குத் தெரிந்த நான் உள்ளே இருந்தேன். எட்டு நிமிடம் இந்த வாக்குவாதம் நடந்தது. கூட்டாளி உள்ளே ஓடிப்போய் மேடத்தைக் கூட்டிவந்தான். அவர் முழங்கால்வரை கறுப்புத் தூள். முகத்திலும் ஒரு கோடு. என்னை ஏற இறங்கப் பார்த்தார், முழுசாக இருக்கிறேனா என்று எண்ணிப் பார்ப்பதுபோல. பிறகு காவலருடைய பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்.

இருபது பேர் நின்று பார்க்க நான் அந்த நெம்புகோலை நோக்கி நடந்தேன். எல்லாப் பூட்டும் கழன்று போயிருக்க, என்னுடையது மட்டும் தொங்கியது. அட்டையில் என் படம். ஐந்து மாதத்துக்கு முன்னால் வேலையில் சேர்ந்த அன்று எடுத்தது. புகைப்படக்காரர் சிரிக்க வேண்டாம் என்று சொன்னதால் திருட்டு முழி முழித்துக்கொண்டிருந்தேன். சாவி மூன்றாவது முயற்சியில்தான் நுழைந்தது. பூட்டைக் கழற்றினேன். நாலு இருபத்தைந்துக்கு ரயில் கிளம்பியது. அத்தனை பேரும் அது போவதைப் பார்த்தார்கள். நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டேன்.

ஆனால் விஷயம் ரயிலோடு கிளம்பிவிடவில்லை. பாதுகாப்பு அதிகாரி மேடத்தையும் என்னையும் அறைக்குள் கூப்பிட்டார். அமைதியான மலாய்க்காரர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார். அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. பூட்டு விதியை இந்த ஆளுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா, இல்லையா? சொல்லிக் கொடுக்கவில்லை என்றால் தவறு மேடத்துடையது, புத்தகம் போய்விடும். சொல்லியும் செய்யவில்லை என்றால் தவறு என்னுடையது. நான் என் வாக்குமூலத்தை எழுதித் தர வேண்டும், எந்த மொழியில் வேண்டுமானாலும்.

தமிழில் எழுதினேன். எழுத்து எனக்குப் பிடிக்கும், அதற்கு வாய்ப்புதான் கிடைப்பதில்லை. வாய்ப்புக் கிடைத்ததும் அடக்க முடியவில்லை. மேருவிலிருந்து தொடங்கினேன். கையுறைத் தொழிற்சாலையை ஏன் விட்டேன், மீன் கிடங்கில் எனக்கும் தராசுக்கும் என்ன பகை, மாலை கட்டுவதில் எனக்கிருந்த இயல்பான திறமை, வெள்ளைச் சட்டையின் வரலாறு எல்லாம் எழுதினேன். மேடம் தினமும் பூட்டைப் பற்றிச் சொல்வார், நான் மைனா பார்ப்பேன் என்பதை நாலாம் பக்கத்தில் எழுதினேன். மேடத்தைப் போன்ற மேற்பார்வையாளரை நான் எங்குமே பார்த்ததில்லை, அவரைத் தண்டித்தால் இந்த டிப்போ உருப்படாது என்று ஐந்தாம் பக்கத்தில். இன்னும் தாள் கேட்டேன்.

அதிகாரி தாள்களைப் புரட்டினார். தமிழ் படிக்கத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் வேறு யார் என்று கேட்டார். அந்த நேரத்தில் வேறு யாரும் இல்லை. என் கூட்டாளி மலாய்ப்பள்ளிக்காரன், தமிழ் எழுத்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வான். ஆகவே, மேடத்தின் மேல் விசாரணை நடக்கும் அறையில், மேடத்தைப் பற்றிய வாக்குமூலத்தை, மேடமே படித்து மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

படித்தார். முதல் பக்கத்தில் முகம் கல். இரண்டாம் பக்கத்தில் தராசு வந்த இடத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டார். நாலாம் பக்கத்தில் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். ஐந்தாம் பக்கத்தில் சற்று அதிக நேரம் இருந்தார். தாள்களை ஒழுங்காக அடுக்கி மேசையில் வைத்து, மலாயில் ஒரே வாக்கியம் சொன்னார். தினமும் தனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், தான்தான் கவனிக்கவில்லை என்கிறார் இவர்.

அவ்வளவுதானா, ஆறு பக்கம் இருக்கிறதே என்றார் அதிகாரி.

“தமிழ் கொஞ்சம் நீளமான மொழி,” என்றார் மேடம்.

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் குழுவின் மற்ற மூன்று பேரையும் கூப்பிட்டுக் கேட்டார். அவர்களும் அதையே சொன்னார்கள், மைனாவைத் தவிர. மேடத்துக்கு வாய்மொழி எச்சரிக்கை. புத்தகம் அவரிடமே இருந்தது. தண்டவாளத்தில் இறங்க எனக்குக் கொடுத்திருந்த அனுமதி அட்டையை அதிகாரி மேசையிலிருந்த கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டினார், படத்தில் சரியாக மூக்கு வழியாக. இனி எந்த ரயில் டிப்போவிலும் நான் தண்டவாளத்தில் கால் வைக்க முடியாது. நேர்காணல் இல்லை. மதியம் நான் எதற்காக ஓடினேனோ அது மாலையில் எனக்குக் கிடைத்துவிட்டது.

வெளியே சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்தில் மேடம் முகம் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை, பழக்கமில்லாததால். பக்கத்தில் போய் நின்றேன்.

“வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லண்ணே,” என்றார் குழாயை மூடாமலே. “நா என்ன, கையக் கட்டியா இழுத்துட்டுப் போகப்போறேன்?”

“சொல்ல வரல மேடம்.”

“ஆறு பக்கம் எழுத வருது.”

அவர் குழாயை மூடினார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். கறுப்புக் கோடு போகாமல் காதுப்பக்கம் நகர்ந்தது.

“பக்கத்து பஸ் யார்டுல ஆள் தேடுறாங்க. வேற கம்பெனி. அங்க தண்டவாளமும் இல்ல, பூட்டும் இல்ல. போய்ப் பாருங்க,” என்றார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். “என் பேர மட்டும் சொல்லிறாதீங்க.”

மறுநாள் காலை ஏழு மணிக்கு பஸ் யார்டுக்குப் போனேன். ரயில் டிப்போவுக்கும் அதற்கும் நடுவில் ஒரு கம்பி வேலிதான். அங்கே மேற்பார்வை ஒரு சீனர், கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய காப்பியோடு நின்றார். முன்னால் எங்கே வேலை செய்தேன் என்று அவர் கேட்கவில்லை. கோஸ்தான் தெரியுமா என்று மட்டும் கேட்டார். வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு இந்த நாட்டில் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் நமக்கும் பொதுவாக இருக்கிற சொல் அது. தெரியும் என்றேன். அதுதான் வேலை. கழுவி முடித்த பஸ்களை ஓட்டுநர்கள் பின்பக்கமாக வரிசையில் விட வேண்டும். அவர்களுக்குப் பின்னால் நின்று, கையைக் காட்டிக்கொண்டே பின்னோக்கி நடக்க ஓர் ஆள் வேண்டும். ஒரே ஒரு விதிதான் என்றார். பக்கவாட்டுக் கண்ணாடியில் நீ தெரியாவிட்டால் பஸ் நகராது. இந்த முறை நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூரையில் ஏதோ குருவி கத்தியது, நிமிரவில்லை.

பழைய ஆளுடைய பச்சை மேற்சட்டையைக் கொடுத்தார். முழங்கால்வரை தொங்கியது. முதல் பஸ் கழுவும் கொட்டகையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தது. ஓட்டுநர் ஐம்பது வயதுத் தமிழ்ப் பெண். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் புது ஆளைப் பார்த்தார்.

“அங்கிள், எனக்குத் தெரியுற மாதிரி நில்லுங்க. காணாமப் போயிட்டா நா அப்படியே நிறுத்திருவேன்.”

“தெரியுதா ஆன்டி?”

“இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்.”

நகர்ந்தேன். ஈரக் கண்ணாடியில் பச்சையாக ஒன்று தெரிந்தது, அதற்கு மேலே என் முகம். கையைத் தூக்கி, கோஸ்தான் என்று கத்திக்கொண்டே பின்னால் ஓர் அடி வைத்தேன்.